நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

நியூயார்க் மாநகராட்சி 2021இல் ஒரு சட்டம் போட்டது. வேலைக்கு ஆள் எடுக்கவோ பதவி உயர்வு கொடுக்கவோ தானியங்கி மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பாரபட்சத் தணிக்கை செய்ய வேண்டும். முடிவுகளின் சுருக்கத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். விண்ணப்பதாரர்களுக்குப் பத்து வேலை நாள் முன்னதாகவே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். உள்ளூர்ச் சட்டம் 144 என்பது அதன் பெயர். 2023 ஜூலை 5 முதல் அமலாக்கம் தொடங்கியது. கார்னெல் பல்கலைக்கழகம், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டேட்டா அண்ட் சொசைட்டி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 391 நிறுவனங்களின் இணையதளங்களைத் துழாவிப் பார்த்தார்கள். தணிக்கை அறிக்கை இருந்தது 18 நிறுவனங்களில். விண்ணப்பதாரருக்கான அறிவிப்பு இருந்தது 13இல்.

அப்படியென்றால் மீதி 373 நிறுவனங்களும் சட்டத்தை மீறினவா? அதைச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கலே. மனிதரின் முடிவுக்குப் பதிலாக நிற்கும் மென்பொருளுக்கோ, முடிவைப் பெருமளவு தீர்மானிக்கும் மென்பொருளுக்கோதான் இந்தச் சட்டம் பொருந்தும். 'பெருமளவு' என்பதை அளந்து சொல்பவர் அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவு. 'மதிப்பெண் மென்பொருள் தருகிறது, ஆனால் எங்கள் மேலாளரும் விண்ணப்பத்தைப் படிக்கிறார்' என்று சொல்லி வெளியே போய்விடலாம். ஆகவே மீறியவர், சட்டத்துக்கு உட்படாதவர் இருவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிகிறார்கள். தணிக்கையாளர்கள் சிலர் ஆய்வாளர்களிடம் இன்னொன்றும் சொன்னார்கள்: தணிக்கையைச் செய்து முடித்த பிறகும் சில வாடிக்கையாளர்கள் அறிக்கையை வெளியிடவில்லை. கணக்கு எளிது. வெளியிடாவிட்டால் முதல் அபராதம் 500 டாலர், அடுத்தடுத்து 1,500 வரை. மோசமான எண்களை வெளியிட்டாலோ பாகுபாட்டு வழக்கு தேடி வரும். எந்த வழக்கறிஞரும் எதைச் சொல்வார்?

2025 டிசம்பரில் மாநிலக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் இந்த அமலாக்கத்தையே தணிக்கை செய்தது. பொறுப்பான மாநகராட்சித் துறை 32 நிறுவனங்களைப் பார்த்து ஒரே ஒரு குறையைக் கண்டிருந்தது. அதே நிறுவனங்களை மாநிலத் தணிக்கையாளர்கள் பார்த்தபோது மீறல் என்று கருதத்தக்கவை குறைந்தது 17 கிடைத்தன. பொதுமக்களிடமிருந்து வந்த புகார்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. வியப்பில்லை. தன்னைக் கழித்துக் கட்டியது மென்பொருள் என்பது தெரிந்தால்தானே ஒருவர் புகார் கொடுக்க முடியும்?

செயற்கை நுண்ணறிவுக்கு (ஏஐ) சட்டம் வேண்டுமா என்ற விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. தென்கொரியாவின் ஏஐ அடிப்படைச் சட்டம் 2026 ஜனவரியில் அமலானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, அது அமலாகும் நாளுக்கு முன்பே தேதியைத் தள்ளிப்போட்டது. இனி கேள்வி அலுவலகத்துக்குள் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் உள்ள ஒரு வாக்கியம், கொள்முதல் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ நலத்திட்ட அலுவலகத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒருவரின் திங்கட்கிழமை வேலையாக எப்படி மாறுகிறது? மாறியிருக்கிறதா என்று பார்க்க நான் ஒரே ஒரு சோதனையைத்தான் நம்புகிறேன்: அந்த அமைப்பு எப்போதாவது ஒரு மென்பொருளை நிறுத்தியிருக்கிறதா? நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எதைப் பார்த்து அவர் நிறுத்துவார் என்ற இரண்டுக்கும் விடை இல்லாத இடத்தில் மற்ற ஆவணங்கள் எத்தனை இருந்தாலும் அலமாரிக்குத்தான் ஆகும்.

ஐரோப்பியச் சட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். உலகில் பலரும் நகலெடுக்கப் பார்ப்பது அதைத்தான். அது மென்பொருளின் தொழில்நுட்பத்தைப் பார்த்து வகைப்படுத்துவதில்லை. எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்க்கிறது. குடிமக்களுக்குச் சமூக மதிப்பெண் போடுவது, இணையத்திலிருந்து முகப்படங்களை வகைதொகையின்றி வாரிச் சேர்த்துத் தரவுத்தளம் கட்டுவது, பணியிடத்திலும் பள்ளியிலும் மனிதரின் உணர்ச்சியைக் கணிப்பது போன்றவை 2025 பிப்ரவரி 2 முதல் தடை. அதற்கு அடுத்த படியில் 'உயர் அபாயம்' என்ற வகை: வேலைக்கு ஆள் எடுத்தல், கடன் தகுதி, கல்விச் சேர்க்கை, அரசு உதவித்தொகை, காவல், எல்லைக் கட்டுப்பாடு முதலானவை. இவற்றுக்குத் தடையில்லை. ஆனால் உருவாக்குபவர் அபாயங்களைத் தொடர்ந்து கணக்கிட வேண்டும், பயிற்சித் தரவின் தரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும், தொழில்நுட்ப ஆவணத்தைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டும். அமைப்பு தானாகவே தன் செயல்களைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுகள் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். கடுமையான அசம்பாவிதம் நடந்தால் பொதுவாகப் பதினைந்து நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தடை செய்யப்பட்டதைச் செய்தால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 7%, எது அதிகமோ அது வரை அபராதம்.

பலர் நினைப்பதுபோல இந்த உயர் அபாய அமைப்புகளை ஓர் அரசு அதிகாரி வந்து சோதித்து முத்திரை குத்துவதில்லை. பெரும்பாலானவற்றுக்கு நிறுவனமே தன்னைச் சோதித்துத் தானே கையெழுத்திட்டுக் கொள்ளும் முறைதான். அதோடு பேச்சுவார்த்தையின்போது நுழைந்த 6ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு ஒன்றும் இருக்கிறது. பட்டியலில் உள்ள துறையில் பயன்பட்டாலும், மென்பொருள் செய்வது குறுகிய நடைமுறைப் பணி மட்டுமே, அல்லது மனிதர் ஏற்கெனவே எடுத்த முடிவைச் செம்மைப்படுத்துவது மட்டுமே என்றால் அது உயர் அபாயம் ஆகாது. நியூயார்க்கின் 'பெருமளவு' இங்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே விலகிக்கொள்பவர் ஏன் விலகினேன் என்பதை எழுதி வைக்க வேண்டும், பொதுத் தரவுத்தளத்தில் பதியவும் வேண்டும். மனிதர்களின் விவரங்களைக் கொண்டு அவர்களை மதிப்பிடும் அமைப்புக்கு இந்த விலக்கே கிடையாது. எழுதி வைத்த காரணம் நாளை விசாரணையில் வெளிவரும் என்ற அச்சம் ஒரு வழக்கறிஞரின் பேனாவைக் கொஞ்சம் தயங்க வைக்கும். 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த திருத்த முன்மொழிவு இந்தப் பதிவுக் கடமையையே எடுத்துவிடலாம் என்றது. சுமை குறைப்பு என்ற பெயரில் வந்த யோசனைகளில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அலுவலகத்தில் முதல் வேலை கணக்கெடுப்பு. உங்களிடம் எந்தெந்த ஏஐ இருக்கிறது என்று ஒரு நிறுவனத்தைக் கேட்டால், தொழில்நுட்பப் பிரிவு தான் கட்டியதைச் சொல்லும். அது பாதிகூட இருக்காது. மூன்றாண்டுக்கு முன் வாங்கிய சம்பளப் பட்டியல் மென்பொருளோ வாடிக்கையாளர் மென்பொருளோ ஒரு நாள் புதுப்பிக்கப்படும்போது அதற்குள் மதிப்பெண் போடும் வசதி ஒன்று சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரும் வாங்கவில்லை, யாரும் ஒப்புதல் கொடுக்கவில்லை, ஆனால் இருக்கிறது. ஊழியர்கள் தாங்களாகவே பயன்படுத்துவது வேறு. 2023இல் சாம்சங் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் மூலநிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. எந்தக் கொள்முதல் பட்டியலிலும் வராத பயன்பாடு அது. கணக்கெடுப்புக்குச் சரியான இடம் கணக்குப் பிரிவு: யாருக்குச் சந்தா போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்தது உள் தணிக்கை. கடைசியாகத்தான் தொழில்நுட்பப் பிரிவு.

இதில் புதிது என்று பெரிதாக எதுவும் இல்லை. வங்கிகள் இந்தப் பாதையை எப்போதோ நடந்துவிட்டன. 2008 நெருக்கடியில் கணித மாடல்களை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 2011 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வங்கியும் நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகமும் எஸ்ஆர் 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டன. வங்கி பயன்படுத்தும் மாடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும், மாடலை உருவாக்கியவர் அல்லாத ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்றது அது. அந்தச் சரிபார்ப்பு பலிக்க மூன்று தேவை என்றும் சொன்னது: கேள்வி கேட்பவருக்கு அதில் அக்கறை இருக்கும்படியான ஊக்கம், கேட்கும் அறிவு, கேட்டால் காரியம் நடக்கும் செல்வாக்கு. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஏஐ ஆளுகை என்ற பெயரில் விற்கப்படும் பயிற்சி வகுப்புகளில் பாதி இந்த மூன்றைத்தான் வேறு படங்களோடு சொல்கின்றன. வங்கிகளுக்கு இது சாத்தியமானதற்குக் காரணம் ஒன்று உண்டு. மேற்பார்வையாளர் வங்கிக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கோப்புகளைக் கேட்பார். வேலைவாய்ப்பு மென்பொருளுக்கோ உதவித்தொகை மென்பொருளுக்கோ அப்படி வந்து உட்காருபவர் யாரும் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பச் சான்றிதழ்கள் வந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் வெளியான ஐஎஸ்ஓ 42001 ஏஐ மேலாண்மைக்கான தரநிலை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2023 ஜனவரியில் வெளியிட்ட அபாய மேலாண்மைச் சட்டகம் விருப்பத்தின்பேரில் பின்பற்றுவது. இரண்டும் நல்ல ஆவணங்களே. ஆனால் 42001 சான்றிதழ், ஒரு நிறுவனத்தில் முறைப்படி ஒரு மேலாண்மை அமைப்பு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அங்கே ஓடும் குறிப்பிட்ட மென்பொருள் நியாயமானதா என்று சொல்லாது. ஐரோப்பியச் சட்டப்படி இணக்கம் இருக்கிறது என்றும் அது தானாக நிரூபிக்காது. அலுவலகச் சுவரில் தொங்கும் தீயணைப்பு உருளையில் கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கும். அதை இறக்கிப் பின்னை உருவத் தெரிந்தவர் அந்த மாடியில் இருக்கிறாரா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

பின்னை உருவ வேண்டியவர் யார்? பெரும்பாலான சட்டங்களும் ஒரே பதிலைச் சொல்கின்றன: மனிதர். மனித மேற்பார்வை இருக்க வேண்டும் என்ற வாக்கியம் இல்லாத ஏஐ கொள்கை ஆவணத்தை நான் இதுவரை படித்ததில்லை. நடைமுறையில் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்பதற்குப் போலந்து ஒரு நல்ல சாட்சி. அங்கே 2014இல் வேலையில்லாதவர்களை மூன்று வகையாகப் பிரிக்கும் ஒரு கணினி முறை வந்தது. எந்த வகையில் விழுகிறார்களோ அதற்கேற்ற உதவிதான் கிடைக்கும். கணினியின் வகைப்பாட்டை மாற்ற எழுத்தருக்கு அதிகாரம் இருந்தது. அவர்கள் மாற்றியது 0.58% நேர்வுகளில். இருநூறு பேரில் ஏறக்குறைய ஒருவர். அரசியல் சட்டத் தீர்ப்பாயம் 2018இல் அந்த முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அது கைவிடப்பட்டது. எழுத்தர்களைக் குறை சொல்வது எளிது. வாசலில் வரிசை, ஒருவருக்குச் சில நிமிடம், மாற்றினால் காரணம் எழுத வேண்டும், மாற்றாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் விரல் ஒரே பொத்தானுக்குத்தான் போகும்.

ஐரோப்பியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதை ஓரளவு உணர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் விடையை அப்படியே நம்பிவிடும் போக்கு மேற்பார்வையாளருக்கு வரக்கூடும் என்று பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. விடையைப் புறக்கணிக்கவும், ஒரு நிறுத்து பொத்தான் மூலம் அமைப்பையே நிறுத்தவும் அவரால் முடிய வேண்டும் என்கிறது. 26ஆம் பிரிவு, மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனம் மேற்பார்வைக்கு நியமிக்கும் ஆளுக்குத் திறன், பயிற்சி, அதிகாரம் மூன்றும் வேண்டும் என்கிறது. மூன்றாவது சொல்தான் முக்கியம். ஐரோப்பிய நீதிமன்றமும் 2023 டிசம்பர் 7இல் ஜெர்மனியின் ஷூஃபா கடன் மதிப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில் இந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கியது. மதிப்பெண் போடுவது மட்டும்தான் எங்கள் வேலை, முடிவெடுப்பது வங்கி என்றது ஷூஃபாவின் வாதம். வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து முடிவெடுக்கிறது என்றால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவுதான் என்றது நீதிமன்றம். பெயரளவுக்கு ஒரு மனிதரைக் கடைசியில் நிறுத்தித் தப்பும் வழி அதோடு குறுகியது. இந்த அளவுகோலை நியூயார்க்கில் வைத்துப் பார்த்தால் 391இல் எத்தனை நிறுவனங்கள் சட்டத்துக்கு வெளியே மிஞ்சும்?

ஒரு நிர்வாகம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் இருக்கிறது. நெதர்லாந்துக்கு இந்த விஷயத்தில் ஆறாத புண் ஒன்று உண்டு. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்மீது வரித்துறை தவறாகக் குற்றம் சுமத்திக் கடனில் தள்ளியது. யாரைச் சோதிப்பது என்று சொன்ன கணினி மாடல் குடியுரிமையையும் ஓர் அபாய அறிகுறியாக எடுத்துக்கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. ராட்டர்டாம் நகரம் நலத்தொகை மோசடியைக் கண்டுபிடிக்க வைத்திருந்த மாடலையும் அதே ஆண்டு நிறுத்தி வைத்தது. இந்தப் பின்னணியில் ஆம்ஸ்டர்டாம் நகரம், நாங்கள் நியாயமான ஒன்றைக் கட்டிக் காட்டுகிறோம் என்று இறங்கியது. அதற்கு ஸ்மார்ட் செக் என்று பெயர் வைத்தார்கள்.

நலத்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களில் யாருடைய விண்ணப்பத்தைக் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. பாலினம், குடியுரிமை, வயது எதையும் உள்ளே விடவில்லை; பதினைந்து அம்சங்கள் மட்டும். ஏன் இந்த விண்ணப்பம் என்று விளக்கக்கூடிய வகை மாடலையே தேர்ந்தார்கள். முன்பு நடந்த சுமார் 3,400 விசாரணைகளைக் கொண்டு பயிற்றினார்கள். பயன்படுத்தும் முன்பே பாரபட்சச் சோதனை செய்தார்கள். வெளி ஆலோசகர்களைக் கூப்பிட்டார்கள். நலத்தொகை பெறுபவர்கள் உட்கார்ந்திருக்கும் ஆலோசனைக் குழுவிடமும் கொண்டுபோனார்கள். அந்தக் குழு ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றது. எங்களை ஏன் முதலில் சந்தேகிக்கிறீர்கள் என்பதே அவர்கள் கேள்வி. முதல் சோதனையில் டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களை மாடல் தவறாக அதிகம் சுட்டியது தெரிந்தது. பயிற்சித் தரவின் எடைகளை மாற்றினார்கள். காகிதத்தில் பாரபட்சம் மறைந்தது.

2023இல் உண்மையான விண்ணப்பங்கள்மீது, ஏறக்குறைய 1,600 பேர், முன்னோட்டம் நடந்தது. பாரபட்சம் திரும்பி வந்தது, ஆனால் முகத்தை மாற்றிக்கொண்டு: இப்போது டச்சுக் குடிமக்களும் பெண்களும் தவறாக அதிகம் சுட்டப்பட்டார்கள். அதைவிட முக்கியமானது, மாடல் கூடுதல் விண்ணப்பங்களைச் சுட்டியதே தவிர, தவறானவற்றைப் பிடிப்பதில் அனுபவமுள்ள ஊழியர்களைவிட மேலாக எதையும் செய்யவில்லை. 2023 நவம்பரில் நகரம் அதைக் கைவிட்டது. 5 லட்சம் யூரோ அளவில் செலவாகியிருந்தது.

லைட்ஹவுஸ் ரிப்போர்ட்ஸ், எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ, ட்ரௌ நாளிதழ் ஆகிய மூன்றும் 2025 ஜூனில் இதை விரிவாக வெளியிட்டபோது, நியாயமான அல்காரிதம் என்பதே நடக்காத காரியம் என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு இதில் தோல்வி தெரியவில்லை. மாடல் தோற்றது, ஆளுகை வேலை செய்தது. முன்னோட்டத்துக்கு முன்பே எதை அளப்போம் என்று எழுதியிருந்தார்கள். ஊழியர்களின் வேலையோடு ஒப்பிடத் தரவு இருந்தது. முடிவு பிடிக்காததாக வந்தபோது அதை ஏற்று நிறுத்த அதிகாரமுள்ள ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றப் பொறுப்பாளர், இருந்தார். நாங்கள் இதைப் போட்டுவிட்டோம் என்று அறிவித்த பிறகு நிறுத்துவது எந்த அரசியல்வாதிக்கும் கடினம். முன்னோட்டம் முன்னோட்டமாகவே இருந்ததால் நிறுத்த முடிந்தது. ஆலோசனைக் குழு சொன்னதைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும் என்பது தனிக் கதை.

ஆம்ஸ்டர்டாம் தானே கட்டியது. பெரும்பாலான நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வாங்குகின்றன. அங்கே ஆளுகை என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். விற்றவர், தரவு வாங்குபவருடையது என்பார். வாங்கியவர், மாடல் விற்றவருடையது என்பார். இடையில் பாதிக்கப்பட்டவர் இரண்டு அலுவலகத்துக்கும் நடப்பார். ஐரோப்பியச் சட்டம் கடமைகளை வழங்குபவர், பயன்படுத்துபவர் என்று பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் வாங்கியவர் தன் பெயரை ஒட்டி விற்றாலோ, உயர் அபாய வேலைக்கென விற்கப்படாத ஒன்றைக் கொண்டுபோய் அந்த வேலைக்குப் பூட்டினாலோ, அவரே வழங்குபவர் ஆகிவிடுவார். பொதுப்படையான மொழி மாடலை வாங்கி விண்ணப்பங்களை வடிகட்ட வைக்கும் நிறுவனங்கள் பலவற்றுக்கு இது உறைக்கவில்லை. கனடாவில் 2024 பிப்ரவரியில் ஒரு சிறு தீர்ப்பாயம் ஏர் கனடாவின் வழக்கில் இதையே எளிய மொழியில் சொன்னது. உறவினரின் இறப்புக்காகப் பயணம் செய்வோருக்கான கட்டணச் சலுகை பற்றி விமான நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற தொனியில் வாதம் வந்தது. இணையதளத்தில் இருப்பது எல்லாமே உங்கள் பொறுப்புதான் என்று தீர்ப்பாகி, சில நூறு டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. தொகை சிறிது. அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு எத்தனை ஒப்பந்தங்கள் திரும்ப எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

குறைந்தபட்சம் ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: சோதனை முடிவுகள், அவை எந்தப் பிரிவு மக்கள்மீது எடுக்கப்பட்டன என்ற விவரம், பதிவுகளை எடுத்துப் பார்க்கும் உரிமை, மாடலை மாற்றினால் முன்னறிவிப்பு, பிழை விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால் நஷ்டஈடு இல்லாமல் நிறுத்திக்கொள்ளும் உரிமை. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், ஆண்டு ஒப்பந்தத் தொகை முழுவதையும் கொடுத்துவிட்ட ஒரு துறைத் தலைவர் எந்த மனத்தோடு நிறுத்து பொத்தானைத் தொடுவார்?

செலவு பற்றிய முனகல் நியாயமற்றது அல்ல. ஐரோப்பியச் சட்டம் சொல்லும் 'போதிய துல்லியம்', 'தகுந்த தரவு' போன்றவற்றுக்குப் பொறியாளர் கையில் பிடிக்கும்படியான அளவுகளைத் தர வேண்டியவை தரநிலைகள். அவற்றை எழுதும் பொறுப்பு செனெலெக், சென் என்ற ஐரோப்பியத் தரநிலை அமைப்புகளிடம் கொடுக்கப்பட்டது. 2025 ஏப்ரலுக்குள் வர வேண்டியவை வரவில்லை. உயர் அபாயக் கடமைகளோ 2026 ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்தன. அளவுகோல் இல்லாமல் அளக்கச் சொல்கிறீர்கள் என்று தொழில்துறை கூச்சலிட, ஆணையம் அந்தத் தேதியை 2027 டிசம்பர் வரை தள்ளலாம் என்று முன்மொழிந்தது. பெரிய நிறுவனத்துக்கு ஒரு தனிக் குழு இருக்கும். இருபது பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இது ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணமாகவும், அவர் அனுப்பும் வார்ப்புரு ஆவணமாகவும்தான் வந்து சேரும். காகித இணக்கம் பிறப்பது அங்கேதான். இதற்கு மாற்றாகக் கனடா அரசு 2019 முதல் தன் துறைகளுக்கு வைத்திருக்கும் முறை எனக்குப் பிடித்தது. தானியங்கி முடிவு எடுக்கும் எந்த அமைப்பைக் கொண்டுவருவதற்கு முன்னும் துறை ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். விடைகளைப் பொறுத்து நான்கு தாக்க நிலைகளில் ஒன்று கிடைக்கும். நிலை உயர உயரக் கடமைகள் கூடும். நிரப்பிய தாளைப் பொதுவெளியில் போட வேண்டும். எளிமையானது, மலிவானது, அண்டை வீட்டார் படித்துக் கேள்வி கேட்க முடியும்.

இந்தியா தனிச் சட்டம் வேண்டாம் என்ற பக்கம் நிற்கிறது. 2024 மார்ச் 1இல், சோதிக்கப்படாத மாடல்களை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்று மின்னணு அமைச்சகம் ஓர் அறிவுரை விட்டது. இரண்டே வாரத்தில் அனுமதி நிபந்தனையைத் திரும்பப் பெற்றது. 2025 நவம்பரில் வந்த ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்கள், இருக்கும் சட்டங்களே பெரும்பாலும் போதும் என்கின்றன. அவற்றை வரைந்த குழுவின் தலைவர் சென்னை ஐஐடியின் பேராசிரியர் பலராமன் ரவீந்திரன். அவற்றில் உள்ள ஏழு கோட்பாடுகள் ரிசர்வ் வங்கி அமைத்த குழு அதே ஆண்டு ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தவை. இரண்டில் ரிசர்வ் வங்கிக் குழுவின் அறிக்கையே நடைமுறைக்கு நெருக்கமானது. இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த கொள்கை, ஏஐ பட்டியல், அசம்பாவித அறிவிப்பு என்று அது கேட்பவை எல்லாம் மேற்பார்வையாளர் வந்து பார்க்கக்கூடிய பொருள்கள். வங்கித் துறைக்கு அது பொருந்தும். அரசு நலத்திட்டங்களுக்கு யார் ரிசர்வ் வங்கி?

தெலங்கானாவின் சமக்ர வேதிகா இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டது. பல துறைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஒரு குடும்பத்தின் நிலையைக் கணிக்கும் அமைப்பு அது. ஒரே பெயரும் ஒத்த முகவரியும் உள்ள வேறு ஒருவரின் காரை ஒரு ஏழைக் குடும்பத்தின் தலையில் கட்டினால் ரேஷன் அட்டை போய்விடும். 2014இலிருந்து 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகள் அந்த மாநிலத்தில் ரத்தாயின. பலருக்கு முன்னறிவிப்பே கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் நேரில் சென்று மறுபரிசீலனை செய்ய உத்தரவு வந்தது. மறுபரிசீலனையில் முதலில் பார்க்கப்பட்ட இரண்டு லட்சம் சொச்சம் விண்ணப்பங்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை தகுதியுள்ளவை என்று தெரிந்தது. களப்பணியாளர் கணினி சொன்னதை மறுக்க விதியில் இடம் இருந்தது. போலந்தின் எழுத்தருக்கும் இருந்தது.

தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம்சார் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்பு, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், எண்ணிம இடைவெளி, அறம், நியாயம் என்ற ஆறு கோணங்களிலிருந்து ஓர் அமைப்பைப் பார்க்கச் சொல்கிறது. டீப்-மேக்ஸ் என்ற மதிப்பெண் அட்டையையும் தருகிறது. ஐரோப்பா வரைவை முன்வைத்ததற்கு முந்தைய ஆண்டு அது. அந்த மதிப்பெண் அட்டைக்கு உயிர் வருவது டெண்டர் ஆவணத்தில்: 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டப்படி நடக்கும் கொள்முதலில், நிரப்பிய அட்டை இல்லாத விலைப்புள்ளி தகுதியற்றது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

இன்னொரு சட்டமும் கையிலேயே இருக்கிறது. ஏஐ பற்றிய இந்திய விவாதங்களில் அதன் பெயர் அரிதாகவே வருகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவு. யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் முடிவெடுக்கும் நடைமுறையையும், அதில் மேற்பார்வையும் பொறுப்பும் யாரிடம் என்பதையும் வெளியிட வேண்டும். தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும். முடிவை எடுத்தது எழுத்தரா மென்பொருளா என்று அந்தப் பிரிவு வேறுபாடு பார்ப்பதில்லை. 'கணினி நிராகரித்தது' என்பது காரணம் ஆகாது. எந்தத் தரவு, எந்த நாளில், எந்த விதியின்படி, யார் சரிபார்த்தார் என்று சொல்ல வேண்டுமானால் அந்த அலுவலகம் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், மாடலின் எந்தப் பதிப்பு அன்று ஓடியது என்று தெரிந்திருக்க வேண்டும், விற்ற நிறுவனத்திடமிருந்து அவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டம் 12ஆம் பிரிவில் கேட்கும் பதிவுகளுக்கும், நம் ஊரில் ரேஷன் அட்டை ரத்தானவர் தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்கு நேர்மையாகப் பதில் எழுதத் தேவைப்படும் பதிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பதிலில் கையெழுத்துப் போடுபவருக்கே, தவறு தொடர்ந்தால் அமைப்பை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தையும் ஓர் அரசாணையில் எழுதிக் கொடுத்துவிட முடியும்.